தாக்மார் குடித்த தண்ணீர்

கிரேனின் பட்டைகளில் தொங்கியபடி தாக்மார் கடலில் இறங்கியபோது துறைமுகத்தில் நின்ற அத்தனை பேரும் அவளுடைய அடிவயிற்றைத்தான் பார்த்தார்கள். ஒன்பது வருடம் கரையில் கிடந்து காய்ந்த மரப்படகு. தண்ணீரைத் தொட்டதும் சல்லடையாக ஒழுகும் என்று எல்லோருக்கும் தெரியும். படகுச் சங்கத்தார் இரண்டு பம்புகளைத் தயாராக வைத்திருந்தார்கள். தளப்பலகை எவ்வளவு நேரத்தில் நனையும் என்று ஆளுக்கொரு பீர் பந்தயமும் கட்டியிருந்தார்கள்.

தோர்கில் படகுக்குள் இறங்கித் தளப்பலகையைத் தூக்கினான். கீழே ஒரு சொட்டு இல்லை. கையை விட்டுத் துழாவி, உள்ளங்கையைக் கரையிலிருந்தவர்களுக்கு உயர்த்திக் காட்டினான். உலர்ந்த கை. கரையில் கைதட்டல் எழுந்தது. சங்கத் தலைவர் ஃப்ளெமிங் தன் பீரைக் கொண்டுவந்து அவனிடமே கொடுத்துவிட்டார். தோர்கிலுக்குத் தலைகால் புரியவில்லை.

அவனைக் குறை சொல்லியும் பயனில்லை. முப்பது வருடம் தீவின் படகுப் போக்குவரத்தில் எஞ்சின் அறையில் இருந்தவன். அங்கே ஒரு குழாய் மூட்டில் ஒரு சொட்டு எண்ணெய் துளிர்த்தாலும் அன்று அவனுக்குச் சாப்பாடு இறங்காது. ஒழுகுவது என்பது அவன் அகராதியில் சோம்பேறித்தனத்தின் இன்னொரு பெயர். மரப்படகுக்காரர்கள் ஒவ்வொரு வசந்தத்திலும் இறைத்துக்கொண்டு நிற்பதைப் பார்த்து உள்ளுக்குள் சிரித்தவன், இந்தத் தடவை அவர்களுக்குக் காட்டிவிட்டான்.

கைதட்டாமல் நின்றது ஒரே ஒருத்தி. அவன் மனைவி கார்லா. தாக்மார் அவளுடைய படகு. மீன் ஏலக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், தன் சம்பளத்தில், தனக்கென்று வாங்கியது. கல்யாணத்துக்கு முன்னால் தனியாகவே தீவுகளைச் சுற்றி வந்தவள். அடியில் பாறை இடித்து முதுகுச்சட்டம் முறிந்தபோது, வருகிற குளிர்காலத்தில் சரிசெய்து தருகிறேன் என்று தோர்கில் சொன்னான். அப்படிச் சொல்லிச் சொல்லியே ஒன்பது குளிர்காலம் போனது. போன இலையுதிர்காலத்தில் சங்கக் கூட்டம் தன் விதி இனி தாக்மாருக்கும்தான் என்று முடிவெடுத்தது: வருடக்கணக்கில் கரையை அடைத்துக்கொண்டு நிற்கும் படகு எதுவானாலும், வசந்தத்தில் சங்கக் கொடி ஏறும் நேரத்தில் கயிறில்லாமல், பம்பில்லாமல், தன் ஆட்களைச் சுமந்து மிதக்க வேண்டும். மிதக்காவிட்டால் அடுத்த திங்கட்கிழமை பொக்லைன் வந்து நொறுக்கி அள்ளிப்போகும்.

அதே கூட்டத்தில்தான் கார்லா எல்லோர் முன்னாலும் சிரித்துக்கொண்டே சொன்னாள், தோர்கில் கைவைத்தால் அது படகாக இருக்காது, டீசல் டாங்கியாகத்தான் இருக்கும் என்று. எல்லோரும் சிரித்தார்கள். தோர்கிலுக்குச் சுருக்கென்றது. தாக்மார் தண்ணீரில் இறங்கும்வரை நீ கொட்டகைப் பக்கம் காலெடுத்து வைக்கக் கூடாது என்று வீட்டுக்கு வந்ததும் சொல்லிவிட்டான். அவளும் வீம்புக்காரி. சரி என்றாள். குளிர்காலம் முழுவதும் கொட்டகையிலிருந்து சுத்தியல் சத்தம் கேட்டது, அவள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

இப்போது படகில் இறங்கி, மண்டியிட்டு, பலகை இடுக்குகளை விரலால் தடவிப் பார்த்தாள்.

“தண்ணி எங்கே?”

“எங்கேயும் இல்ல. அதுதானே வேலை” என்றான் தோர்கில்.

“இடுக்குல என்ன வச்சே?”

அவன் பெருமையாகவே சொன்னான். தாக்மாரின் பலகைகள் ஓடு வேய்ந்ததுபோல ஒன்றின்மேல் ஒன்று ஏறி நிற்பவை, செப்பாணி அடித்து இறுக்கியவை. காய்ந்து சுருங்கியதில் பலகைக்குப் பலகை கத்தி நுழையும் அளவுக்கு இடைவெளி விழுந்திருந்தது. அத்தனை இடைவெளியையும் சுரண்டிச் சுத்தம்செய்து, இரண்டு குழம்பைக் கலந்து பூசினால் கல்லாக இறுகும் பசையை, கப்பலின் இரும்புத் தளத்துக்குப் பூசும் அதே பசையை, உளியும் சுத்தியலும் வைத்து அடித்துத் திணித்திருந்தான். ஓர் அங்குலம் விடவில்லை.

கார்லாவின் முகம் வெளுத்தது. கிரேன்காரனை நிறுத்து, இவளைத் திரும்ப மேலே தூக்க வேண்டும் என்றாள். மரம் ஊறினால் தடிக்கும், தடிக்க இடம் வேண்டும், இடத்தையெல்லாம் நீ கல் வைத்து அடைத்துவிட்டாய், அது எங்கே போகும் என்று கேட்டாள். குரலை உயர்த்தவில்லை. சுற்றிலும் ஆட்கள் இருந்தார்கள்.

தோர்கிலுக்கு மூக்கின்மேல் கோபம் வந்தது. ஒரு குளிர்காலம் முழுக்க விரல் விறைக்க வேலை செய்திருக்கிறான். ஊரே கைதட்டுகிறது. கட்டினவளுக்கு ஒரு நல்ல வார்த்தை வரவில்லை.

“ஒழுகலையேன்னு உனக்கு வயித்தெரிச்சல்” என்றான்.

அவள் படகிலிருந்து ஏறி, கூட்டத்தை விலக்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். மற்றப் படகுகளையும் இறக்கி முடித்துவிட்டு கிரேன் சாயங்காலப் படகில் ஏறி எதிர்க்கரைக்குப் போய்விட்டது. இனி இலையுதிர்காலத்தில்தான் வரும். தோர்கில் அது போவதைப் பார்த்துக்கொண்டு பீர் குடித்தான்.

முதல் இரண்டு நாள் ஒன்றும் ஆகவில்லை. தோர்கில் காலையும் மாலையும் போய்த் தளப்பலகையைத் தூக்கிப் பார்த்தான். உலர்ந்தே இருந்தது. வீட்டில் கார்லா ரொட்டியை மேசையில் வைத்துவிட்டு உருளைக்கிழங்குப் பாத்திக்குப் போய்விடுவாள். பேச்சு நின்றுபோனது.

மூன்றாம் நாள் அவன் படகின் நடுப்பலகையில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது காலுக்குக் கீழே ‘டக்’ என்றது. காய்ந்த குச்சியை முழங்காலில் வைத்து ஒடித்ததுபோலச் சின்னச் சத்தம். கயிறு உரசுகிறது என்று முதலில் நினைத்தான். கயிறு தளர்ந்துதான் கிடந்தது. தளப்பலகையைத் தூக்கினான். படகின் வயிறு வளையும் இடத்தில், பலகைகளைச் சேர்த்துப் பிடிக்கும் விலாச்சட்டங்களில் ஒன்று குறுக்கே விரிந்திருந்தது. முடி நுழையும் அளவுக்குத்தான். ஆனால் முழுக்க விரிந்திருந்தது.

அவன் முகத்தில் ஈயாடவில்லை. அப்போதும் தன் பசையால்தான் உடைந்தது என்று ஒப்புக்கொண்டானா என்றால் இல்லை. பழைய சட்டம், உளுத்திருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். ஓர் இரும்புப் பட்டையும் நான்கு போல்ட்டும் கொண்டுவந்து இறுக்கினான். மறுநாள் வந்து பார்த்தபோது பட்டையே லேசாக வளைந்திருந்தது. பக்கத்துச் சட்டமும் அதற்கடுத்ததும் விரிந்திருந்தன. ஒரு செப்பாணியின் தலை பலகையைக் கிழித்துக்கொண்டு உள்ளே போயிருந்தது. இத்தனைக்கும் கீழே ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

அந்த நேரம் பார்த்து ஃப்ளெமிங் படித்துறைக்கு வந்தார். தோர்கில் சட்டென்று தளப்பலகையை மூடி அதன்மேல் உட்கார்ந்தான். ஃப்ளெமிங் நல்ல மனிதர், தாக்மார் தப்பித்ததில் அவருக்கு உண்மையாகவே சந்தோஷம். போன வருடம் தன் சொந்தச் சித்தப்பா மகனின் படகையே பொக்லைனுக்குக் கொடுத்தவர். பக்கத்தில் நின்று கடைசிப் பலகை வரை பார்த்தார், அந்தத் தம்பி இன்றுவரை அவர் வீட்டு வாசலை மிதிப்பதில்லை. அதனால்தான் இனி யாருக்கும் விலக்குக் கொடுக்க முடியாது என்று சொன்னார். சனிக்கிழமை பத்து மணிக்குக் கொடி, அதற்கப்புறம் காப்பி, ஒரு சின்னக் கசப்புச் சாராயம், உன் வேலை முடிந்தது என்று தோளில் தட்டிவிட்டுப் போனார். அவர் தட்டிக்கொண்டிருந்தபோதே கீழே இன்னொரு ‘டக்’. தோர்கில் இருமினான்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அவன் உருளைக்கிழங்குப் பாத்திக்குப் போய் நின்றான். கார்லா நிமிர்ந்தாள். அவன் வாயைத் திறக்கும் முன்பே கேட்டாள்.

“எத்தனை?”

“ஏழு.”

அவள் மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டாள். கையிலிருந்த மண்ணைத் தட்டக்கூடத் தோன்றாமல் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். கல்யாணமாகி முப்பது வருடத்தில் அவள் இப்படி அழுது தோர்கில் பார்த்ததில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பான். என்ன செய்வது என்று தெரியாமல் மண்வெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

அழுகை ஓய்ந்ததும் அவள் சொன்னாள். “நீ ஒட்டினதையெல்லாம் அறுத்து எடுக்கணும்.”

“அறுத்தா தண்ணி உள்ள வந்து முங்கிடும்.”

“முங்கட்டும். ரெண்டு பக்கமும் தண்ணியில ஊறினாத்தான் பலகை தானா மூடும்.”

நாளைக்குக் காலையில் கொடி என்று அவன் நினைவூட்டினான். முங்கின படகுக்குத் திங்கட்கிழமை பொக்லைன். கொடி ஏறட்டும், ஏறின கையோடு அறுத்துவிடுகிறேன், ஒரே ஒரு ராத்திரிதானே என்றான். கெஞ்சுகிற குரலில்தான் சொன்னான்.

“ஒரு ராத்திரியில இன்னும் எத்தனை ஒடியும்? சொல்லு பார்ப்போம்” என்றாள் கார்லா.

அவனால் சொல்ல முடியவில்லை. எந்த எஞ்சினானாலும் எத்தனை மணிநேரம் தாங்கும் என்று காதை வைத்துச் சொல்லிவிடுகிறவன் அவன்.

“நான் சொல்ல மாட்டேன். சுத்தியல் பிடிச்சது நீ. முடிவும் நீயே பண்ணு.”

இரண்டு பேரும் துறைமுகத்துக்கு நடந்தார்கள். தோர்கில் படகில் இறங்கி, விரியாமல் மிச்சமிருந்த ஒரு சட்டத்தின்மேல் கையை வைத்தான். அது விறைத்து நின்றது. காதைக் கொண்டுபோய் வைத்தபோது மரம் முனகுவது கேட்டது. இன்றைக்கு விட்டால் நாளைக்குக் கொடி ஏறும்போது தாக்மார் அழகாக மிதப்பாள், எல்லோரும் கைதட்டுவார்கள், தளப்பலகைக்குக் கீழே ஒரு விலாவும் மிஞ்சாது. அறுத்தால் அவள் பிழைப்பாள், பிழைத்தவளைப் பொக்லைன் வந்து நொறுக்கும். இதில் எதைத் தேர்ந்தெடுப்பது? உள்ளங்கைக்குக் கீழேயே அந்தச் சட்டம் விரிந்தது. சத்தத்தைவிட அந்த அதிர்வுதான் அவனை உலுக்கியது. கருவிப் பெட்டியைத் திறந்து இரும்பறுக்கும் ஆக்சா பிளேடை எடுத்தான்.

அந்தக் கடலில் ஏற்றவற்றம் என்று ஒன்று கிடையாது, நீர் இறங்கும் என்று காத்திருந்து அடியைத் தொட முடியாது. எனவே படகு நிலைத்து நிற்க அடியில் போட்டிருந்த பாரக்கற்களை எல்லாம் தூக்கிப் படித்துறையில் அடுக்கினார்கள். பாய்மரத்தின் உச்சியில் கயிறு கட்டி, கப்பி போட்டு, படித்துறையின் இரும்புக் கட்டையில் சுற்றி இழுத்தார்கள். தாக்மார் மெல்லச் சாய்ந்து ஒரு பக்க வயிற்றை வெளியே காட்டினாள். கார்லா சிறு தோணியில் நின்று கீழ்வரிசையை அறுத்தாள், தோர்கில் மேல்வரிசையை. பசை லேசில் விடவில்லை. நன்றாக அடித்திருந்தான், அதுதான் கொடுமை. ஒவ்வொரு அங்குலத்திலும் தன் குளிர்காலத்தையே அறுத்துக்கொண்டிருந்தான். பிளேடு ஓர் இடுக்கிலிருந்து வெளியே வந்ததும் பலகை பெருமூச்சு விட்டதுபோல அசைந்து கொடுத்தது, இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

மறுநாள் விழாவுக்கு மேசை போட வந்தவர்கள் ஒவ்வொருவராகப் படித்துறையில் கூடினார்கள். ஃப்ளெமிங் ஓடிவந்தார்.

“என்னப்பா பண்றே? நாளைக்குக் கொடி!”

தோர்கில் பிளேடை நிறுத்தினான். அத்தனை பேரும் கேட்கும்படி, நான் அடித்தது தப்பு, தண்ணீர் வர வேண்டிய வழியை எல்லாம் அடைத்துவிட்டேன், படகு உள்ளே உடைந்துகொண்டிருக்கிறது என்று சொன்னான். சொல்லும்போது காது மடல் எரிந்தது. யாரும் சிரிக்கவில்லை. ஃப்ளெமிங் தாழ்ந்த குரலில், விதி விதிதான் தோர்கில், எனக்கு வேறு வழியில்லை என்றார். தெரியும் என்றான் தோர்கில், திரும்பி அறுக்க ஆரம்பித்தான்.

மறுபக்கமும் சாய்த்து அறுத்து முடித்து, படகை நிமிர்த்தி, பாய்மரத்தையும் கழற்றிக் கரையில் போட்டபோது வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. நாலா பக்கமும் இடுக்குகளிலிருந்து தண்ணீர் பீறிட்டது. தளப்பலகைகள் மிதந்தன, நடுப்பலகை மறைந்தது, கடைசியில் ஓரப்பலகை மட்டும் தண்ணீருக்குமேல் ஒரு விரல் அளவு தெரிந்தது. அங்கே நின்றது. பாரம் இல்லாத மரம் அதற்குக் கீழே போகவில்லை. தோர்கில் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டான். ‘டக்’ என்ற சத்தம் வரவில்லை.

சனிக்கிழமை காலை தீவே துறைமுகத்தில் இருந்தது. ஃப்ளெமிங் நீலக் கோட்டும் சங்கத் தொப்பியும் அணிந்து கொடிமரத்தருகே நின்றார். பத்து மணிக்குக் கொஞ்சம் முன்னால் தாக்மாரின் அருகே வந்தார், கூட்டமும் பின்னாலேயே வந்தது. விளிம்பு வரை நிரம்பிய தொட்டி போலப் படகு கயிறுகளுக்கு நடுவே அசைந்தது. ஃப்ளெமிங் வெகுநேரம் பார்த்தார். அவருக்கும் வலித்தது என்பது தெரிந்தது.

“முங்கிடுச்சு தோர்கில்” என்றார்.

“முங்கல” என்றாள் கார்லா.

கயிறுதான் தாங்குகிறது, அவிழ்த்தால் அடியில் போய்விடும் என்றார் ஃப்ளெமிங். கார்லா குனிந்து முன்கயிற்றை அவிழ்த்தாள். பிறகு பின்கயிற்றை. இரண்டையும் படகுக்குள் எறிந்தாள். எறிந்த கையோடு, விழாவுக்கு உடுத்திய பாவாடையோடும் நல்ல ஸ்வெட்டரோடும், படித்துறை விளிம்பில் உட்கார்ந்து படகின் பின்பக்கத்தில் இறங்கினாள். மே மாதத்துக் கடல், எலும்பு வரை குளிரும். தண்ணீர் இடுப்பைத் தாண்டியது. ஓரப்பலகை ஒரு கணம் தண்ணீருக்குள் போய், மறுபடி எழுந்தது. அவள் சுக்கானைப் பிடித்து நடுவில் உட்கார்ந்துகொண்டாள்.

கூட்டத்தில் யாரோ, விதியில் ஆட்கள் என்று இருக்கிறது, ஓர் ஆள் போதாது என்றார்கள். எல்லோரும் தோர்கிலைப் பார்த்தார்கள்.

அவனுக்கு நீச்சல் தெரியும், தண்ணீருக்குப் பயந்தவனல்ல. நிரம்பின படகு ஒரு பக்கம் சாய்ந்தால் அப்படியே கவிழும், கவிழ்ந்தால் அவளையும் சேர்த்துக் கவிழ்க்கும். கவிழ்ந்தால் பேச்சே இல்லை, திங்கட்கிழமைதான். இந்தக் குளிர்காலம் முழுவதும் தன்னை நம்பியவன், இப்போது தன் காலை எங்கே வைப்பது என்று தெரியாமல் விளிம்பில் நின்றான்.

“எங்கே வைக்கணும்?” என்று கேட்டான்.

அந்தக் கேள்வியை அவன் அதுவரை அவளிடம் கேட்டதே இல்லை. கார்லா நிமிர்ந்து பார்த்தாள்.

“நடுவுல. ரெண்டு காலையும் ஒண்ணா. மெதுவா.”

அவன் இறங்கினான். குளிர் மூச்சை நிறுத்தியது. படகு இடதுபக்கம் உருண்டது, கரையில் நின்ற பெண்கள் கையை வாயில் வைத்தார்கள். அசையாதே என்றாள் கார்லா, அவன் அசையவில்லை. அவள் மறுபக்கம் ஒரு முழம் நகர்ந்தாள். உருண்ட படகு யோசித்து, மெல்லத் திரும்பி, நேராக நின்றது. இருவரும் எதிரெதிரே, முழங்காலோடு முழங்கால் இடிக்க, இடுப்பளவு தண்ணீரில், கயிறோ கரையோ தொடாத படகில் உட்கார்ந்திருந்தார்கள். காற்று அவர்களைப் படித்துறையிலிருந்து மெல்ல விலக்கியது.

ஃப்ளெமிங் கொடிமரத்துக்கு நடந்து போனார். மணி பத்தானதும் சிவப்பும் வெள்ளையுமான முக்கோணக் கொடி ஏறியது. வழக்கமான மூன்று வாழ்த்தொலிகளும் கேட்டன. தொப்பிகள் எல்லாம் கொடியைப் பார்க்கவில்லை, தண்ணீரைப் பார்த்தன. கொடியைக் கட்டி முடித்ததும் ஃப்ளெமிங் தாக்மாரை நோக்கித் திரும்பி, தொப்பியைக் கழற்றினார். பொக்லைனுக்கு வேலை இல்லை என்பது எல்லோருக்கும் புரிந்தது.

தோர்கிலின் பற்கள் கிட்டித்தன. தண்ணீருக்குள் அவன் விரல் தானாகப் பலகை இடுக்கைத் தேடிப் போனது. நேற்று பிளேடு நுழைந்த இடத்தில் இன்று நகம்கூட நுழையவில்லை. ஒரு ராத்திரியில் அவள் தானாகவே மூடிக்கொண்டிருந்தாள். அவனுக்கு அழுகை வந்தது, அடக்கவில்லை.

“உன்னைக் கேட்டிருக்கணும், கார்லா. முதல் நாளே கேட்டிருக்கணும்.”

“நானும்தான் எட்டிப் பார்த்திருக்கணும்” என்றாள் அவள். உதடு நீலம் பாரித்திருந்தது. “ஏழு விலா மாத்தணும்.”

“எட்டு” என்றான் தோர்கில். “நேத்து கைக்குக் கீழேயே ஒண்ணு போச்சு.”

“எட்டு” என்றாள் கார்லா. “ஒடிஞ்சது எதுன்னு நீ காட்டு, நான் அளவெடுக்கிறேன். முதல்ல தண்ணிய இறைக்கக் கரையிலேர்ந்து வாளியைப் போடச் சொல்லு, விறைச்சுச் சாகப்போறோம்.”